என் குரலில் இன்னொருவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு விடுமுறை. மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார்.

"என்னம்மா, லீவுன்னு சொன்ன? ரேடியோல பேசிக்கிட்டு இருக்க?"

காருக்குப் போய் வானொலியைப் போட்டேன். பேசியது நானில்லை. நிலையத்தில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பயிற்சி அறிவிப்பாளர். ஆனால் 'வணக்கம்' சொன்னதும் விடும் அரை நொடி இடைவெளி, மணி சொல்வதற்கு முன் வரும் சின்னச் சிரிப்பு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மெல்ல இறக்கும் விதம் எல்லாமே என்னுடையவை. பெற்ற தாயே ஏமாந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்குன்னு ஒரு குரல் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது.

"உங்களக் கேட்டுக் கேட்டுத்தான்க்கா இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு சீன ஓவியர் நினைவுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று நம்பி ஆசியக் கலை வரலாறு எடுத்திருந்தேன். அந்த வகுப்பில் அறிமுகமானவர் அவர். பெயர் வாங் ஹூய். நம் ஊரில் 'ஓங்', 'வோங்' என்று கேட்கிறோமே, அதே குடும்பப் பெயர்தான்.

1632இல் சாங்ஷூ என்ற ஊரில், ஓவியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது வாங் ஜியான் என்ற மூத்த ஓவியர் இவருடைய கைத்திறனைப் பார்த்து மாணவராக ஏற்றுக்கொண்டார். பிறகு வாங் ஷிமின் என்ற இன்னொரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் வீட்டில் பழைய மேதைகளின் ஓவியங்கள் நிறைய இருந்தன. வாங் ஹூய் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்காக.

நீ சான் என்ற மேதையின் பாணி என்றால் மெலிந்த நாலைந்து மரங்கள், ஆளில்லாத ஒரு குடில், நடுவே வெறும் நீர். வாங் மெங் பாணி என்றால் மூச்சுவிட இடமில்லாமல் நெளிந்து அடர்ந்த மலைகள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். வாங் ஹூய்க்கு இரண்டும் கைவந்தன.

1691இல், ஏறக்குறைய 60 வயதில், காங்சி பேரரசரின் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. பேரரசர் 1689இல் தென்னாட்டுக்குச் சென்று வந்த பயணத்தை 12 நீளச் சுருள்களில் வரைய வேண்டும். அந்தக் குழுவுக்கு வாங் ஹூய்தான் தலைமை. மூன்றாவது சுருள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒன்றே கிட்டத்தட்ட 14 மீட்டர் நீளம்! ஊர்கள், வயல்கள், குதிரைகள் என்று நகர்ந்து, கடைசியில் தாய் மலைக்குப் போய்ச் சேர்கிறது. எந்த மேதையிடமிருந்து எந்தக் கோடு வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் கலந்துவிட்டன. அந்தக் கலவைதான் வாங் ஹூய். பணி முடிந்து ஊர் திரும்பியவர், 1717இல் காலமாகும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

விரிவுரையாளர் சொன்ன இன்னொரு விஷயம்தான் அன்றிரவு என்னைக் குத்தியது. வாங் ஹூய் தம் ஓவியங்களின் ஓரத்தில், இது இன்னாருடைய தூரிகையைப் பின்பற்றி வரைந்தது என்று தம் கையாலேயே எழுதி வைப்பார். சீன ஓவியர்களிடையே அது வழக்கம். அதில் வெட்கம் ஏதும் இல்லை. யாரிடம் படித்தேன் என்று சொல்வது அவர்களுக்குப் பெருமை.

நான் அப்படி எழுதி வைத்தேனா?

அந்த அரை நொடி இடைவெளி என் கண்டுபிடிப்பு இல்லை. பள்ளிப் பருவத்தில், இரவு நேரத்தில் ஒரு மூத்த அறிவிப்பாளரின் நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிவு செய்வேன். மறுநாள் கண்ணாடி முன் நின்று அவரைப்போலவே பேசிப் பார்ப்பேன். வேலைக்கு வந்த பிறகு, "உங்க ஸ்டைலே தனி" என்று நேயர்கள் பாராட்டும்போதெல்லாம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பத்து வருடக் கடன்.

மறுநாள் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஐயா சிரித்தார்.

"அந்த இடைவெளியா? அது என்னுது இல்லம்மா. சின்ன வயசுல இலங்கை வானொலி கேட்டுப் புடிச்சது. நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அந்த வாரமே நிகழ்ச்சியில் அவர் பெயரைச் சொன்னேன். இலங்கை வானொலியையும் சொன்னேன். பழைய நேயர்கள் பலர் உடனே அழைத்துவிட்டார்கள்!

பிறகு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னைப் பார்த்துப் பேசு, தப்பில்ல. ஆனா என்னை மட்டும் பார்க்காதே" என்று சொல்லி, ஐந்து அறிவிப்பாளர்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்தேன். ஒருவரை மட்டும் பின்பற்றினால் அவருடைய நிழலாகிவிடுவோம். பலரிடம் படித்தால்தான் நம்முடையது என்று ஒன்று மெதுவாக வந்து சேரும். வாங் ஹூய்க்கே அதற்குப் பல வருடங்கள் ஆயின. மூன்று மாதத்தில் அவளிடம் அதைக் கேட்டது என் தவறு.

உங்கள் வீட்டிலும் யாரையாவது பார்த்து வரைகிற, பாடுகிற, நடிக்கிற பிள்ளை இருக்கலாம். "காப்பி அடிக்காதே" என்று சொல்வதற்கு முன், "யாரைப் பார்த்துச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கண் விரியப் பதில் சொல்வார்கள்.

அந்தப் பெண் இப்போது மணி சொல்வதற்கு முன் சிரிப்பதில்லை. கடைசிச் சொல்லையும் தன் போக்கில்தான் முடிக்கிறாள். அரை நொடி இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எனக்கே சொந்தமில்லாததை எப்படித் திருப்பிக் கேட்பது?