வண்டி நிற்கிற இடம்

2020 மார்ச்சில் மத்திய அரசு ஒரு விலைப்பட்டியல் போட்டது. 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது. மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டியல் வந்த வேகத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையில் இரண்டும் காணாமல் போயின. எப்படியோ தேடிப் பிடித்தவர்கள் அதை வீட்டில் வைத்ததைவிட வண்டியில் வைத்ததுதான் அதிகம். ஸ்கூட்டர் என்றால் சீட்டுக்கு அடியில், பைக் என்றால் டேங்க் கவரில், சைக்கிள் என்றால் தண்ணீர் பாட்டில் மாட்டுகிற இடத்தில். கூடவே கையுறை, முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் தகடு, கபசுரக் குடிநீர்ப் பொட்டலம். ஹேண்டில் பாரில் வேப்பிலைக் கொத்து தனி.

இத்தனையையும் திணித்து வண்டியில் கட்டிய பையைப் பற்றித்தான் இந்த வாரம். பெருந்தொற்று ஓய்ந்தது, பையும் மறந்துபோனது. ஆனால் பஸ்ஸில் ஏறப் பயந்து டூவீலருக்கு மாறியவர்களில் எனக்குத் தெரிந்த பலர் இன்னும் அதில்தான் போகிறார்கள். அடுத்த தொற்று வேறு பெயரில் வரத்தான் போகிறது. அதற்குள் ஒன்றைச் சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது. வண்டி ஓடும்போது என்ன ஆகுமோ என்று பயந்து நாம் பை கட்டினோம். வண்டி நின்றபிறகு என்ன செய்வது என்பதை யோசிக்கவே இல்லை.

முதல் சில மாதங்கள் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. பறிமுதலான வண்டிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து, காவல் நிலையங்களின் வாசலில் வெயிலில் காய்ந்தன. சென்னையில் ஓர் ஆய்வாளர் கொரோனா வடிவத்தில் முள்முள்ளாகச் செய்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்காரர்களை மறித்த படம் உலகம் சுற்றியது. ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. காய்கறி வாங்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போ, வண்டியைத் தொடாதே என்றார்கள். செப்டம்பர் 1 அன்றுதான் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டாம் என்றானது. மாவட்டம் தாண்டும் பஸ் ஓடத் தொடங்கியதோ 7ஆம் தேதி.

இடையில் கிடைத்த அந்த வாரத்தில் ஜிஎஸ்டி சாலையைப் பார்த்திருக்க வேண்டும். கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, டேங்க்மேல் மூட்டை என்று எல்லோரும் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். நானும் என் மச்சானைப் பின்னால் உட்காரவைத்து விழுப்புரம் பக்கம் கிளம்பினேன். மதுராந்தகம் தாண்டி ஒரு டீக்கடை. வாசலில் கயிறு கட்டி, ‘பார்சல் மட்டும்’ என்று அட்டை. அட்டைக்குக் கீழேயே பெஞ்ச். எழுபது எண்பது கிலோமீட்டர் காற்றில் தனியாக வரும்போது மூக்கை இறுக்கி மூடியிருந்தவர்கள், பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்கள். டீ குடிக்க இறக்காமல் என்ன செய்வது, சரி. குடித்து முடித்தும் யாரும் ஏற்றவில்லை. ஊர்க்கதை, இறந்தவர் கதை, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்ற கதை எல்லாம் தாடை மாஸ்க்கோடு நடந்தது. திரும்ப வண்டியில் ஏறி, சாவி போட்டபிறகு மாஸ்க் மூக்குக்கு வந்தது. திண்டிவனத்துக்கு முன்னால் சுங்கச்சாவடி. அங்கே போலீஸ் நிற்கும். மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று அதே மாதம் அவசரச் சட்டமும் வந்தது.

“மாமா, இவங்க போலீஸுக்குத்தான் மாஸ்க் போடறாங்க, கிருமிக்கு இல்ல” என்றான் மச்சான். அவனும் அப்போது தாடையில்தான் வைத்திருந்தான்.

ஓட்டத்தைக் கண்டு பயப்படச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் ஐரோப்பாவில் பெர்ட் ப்ளோக்கன் என்ற காற்றியக்கப் பொறியாளர் கணினியில் கணக்குப் போட்டு ஒரு படம் வெளியிட்டார். வேகமாக சைக்கிள் மிதிப்பவருக்கு நேர் பின்னால் போகிறவர் 20 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், மெதுவாகப் போனால் 10 மீட்டர். ஆய்விதழில் வருவதற்கு முன்பே அது வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. எச்சில் துளி எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அவர் கணக்கு. அந்தத் துளி பட்டால் நோய் வருமா என்பது வேறு ஆட்கள் பார்க்க வேண்டிய வேலை. இது படத்தோடு சேர்ந்து பரவவில்லை.

இன்னொரு பயம் கையைப் பற்றியது. பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் 72 மணி நேரம் வரை கிருமியைக் காண முடிந்தது என்று அந்த மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவுதான். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், வண்டிச் சாவியைக் குளிப்பாட்டினோம், சீட்டுக்கு மருந்து அடித்தோம். ஜூலையிலேயே இமானுவேல் கோல்ட்மன் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர், பொருள்களைத் தொடுவதால் பரவும் ஆபத்தை மிகைப்படுத்துகிறோம் என்று ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் எழுதினார். காற்றில் பரவுவதைக் கவனியுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் கடிதம் எழுதியதும் அதே மாதம். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், கிருமி இருக்கும் பரப்பை ஒருமுறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது 2021 ஏப்ரலில். இங்கே அதற்குள் இரண்டாம் அலை தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், காலியான சாலையில் போகிற வண்டிதான் அந்த வருடம் நமக்குக் கிடைத்த பாதுகாப்பான இடங்களில் ஒன்று. ஆபத்து டீக்கடை பெஞ்சிலும், ஜன்னல் திறக்காத ஓட்டல் ஏசி அறையிலும் இருந்தது. ஆகவே பையில் முதல் இடம் உலர்ந்த, மாற்று மாஸ்க்குக்கு. வியர்வையிலோ மழையிலோ நனைந்த மாஸ்க்கோடு கடைக்குள் நுழைவதில் பயனில்லை. காதில் மாட்டுகிற நாடா ஹெல்மெட்டோடு ஒத்துப்போகாது. ஹெல்மெட்டைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து வந்து புழுதியில் விழும். தலைக்குப் பின்னால் கட்டுகிற வகை மேல். மாஸ்க்கோடு ஓட்டுவதென்றால் அதை முதலில் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, அதன்மேல் ஹெல்மெட். கம்பி அழுந்தாவிட்டால் மூச்சு மேலே ஏறி மூக்குக்கண்ணாடி மங்கும். இரவில் எதிரே லாரி விளக்கு அடிக்கும்போது கண்ணாடி மங்கினால், கொரோனாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனமே ஒன்று சொன்னது: உடற்பயிற்சியின்போது மாஸ்க் வேண்டாம், மூச்சு விடச் சிரமமாகும், அடுத்தவரிடமிருந்து தள்ளி இருங்கள். மோட்டார் வண்டிக்கும் அதே நியாயம்தான்; தனியாகப் போகிறவர் மாஸ்க்கைப் பையில் உலர்வாக வைத்து, இறங்குமுன் போட்டுக்கொள்வதே சரி என்பது என் கட்சி. சட்டம் வேறு கட்சி. அபராத ரசீதும் அதன் பக்கம்தான் இருந்தது.

வால்வு வைத்த மாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. தூசிக்கும் புகைக்கும் பயந்து வண்டிக்காரர்கள் ஏற்கெனவே பழகியிருந்தது அதுதான். என்-95 என்று அச்சிட்டிருந்தால் கூடுதல் மரியாதை. அது உள்ளே வருகிற காற்றை வடிகட்டும், வெளியே போகிற மூச்சை அப்படியே விட்டுவிடும். அதைப் பொதுமக்கள் போடுவதைத் தவிர்க்கச் சொல்லி மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதமே அனுப்பியது. போட்டவரைக் காக்கும், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரைக் காக்காது.

சானிடைசர் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்கியிருந்தால் போதும். வெயிலில் வண்டிக்குள் வைத்தால் வெடித்துவிடும் என்று ஒரு புரளி வந்தது. தானாகத் தீப்பிடிக்க 360 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சித்திரை வெயிலுக்கும் அந்த சக்தி கிடையாது. ஆனால் அதன் ஆவி சாதாரண வெப்பத்திலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் பெட்ரோல் போடுகிற இடத்தில் வேண்டாம், ஈரக்கையோடு சிகரெட் பக்கம் போக வேண்டாம். மூடி தளர்ந்த பாட்டிலை சீட்டுக்கு அடியில் விட்டால் ஆல்கஹால் பறந்து, தண்ணீர்தான் மிச்சமாகும். ஹெல்மெட் கண்ணாடியில் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் ஆல்கஹால் பட்டால் மங்கும், நுண்ணிய வெடிப்பு விடும். உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். ஹெல்மெட்டை இரவல் வாங்குகிறவர் தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளட்டும். கையுறை தேவையே இல்லை. கையுறை அழுக்கானதும் கை அழுக்கானதும் ஒன்றுதான்.

சானிடைசர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. செயின் கழன்று, மாட்டி, கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது அதைத் தடவினால் பலன் இல்லை. அங்கே சோப்புதான். கொரோனா கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைப் பிய்த்துவிடும், கிரீஸையும் எடுத்துவிடும். என் அப்பா தலைமுறை ஊருக்குப் பஸ் ஏறும்போது சோப்பு டப்பா இல்லாமல் கிளம்பியதில்லை. நாம் அதை நாகரிகக் குறைவு என்று விட்டுவிட்டு, பேப்பர் சோப்புக்கு வந்தோம். அது ஈரக்கை பட்டதும் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. சின்ன டப்பாவில் அரை விரல் அளவு சோப்புத் துண்டு, கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், கழற்றிய மாஸ்க்குக்கு ஒரு காகித உறை. அந்த உறையை வழியில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, 72 மணி நேரம் வைத்திருந்து, மாஸ்க்கை வெட்டிக் குப்பையில் போடச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நெடுஞ்சாலை ஓரத்து முள்செடிகளில் நீல நீலமாகத் தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியும்.

பையே இல்லாதவர்களும் இதே சாலையில்தான் போனார்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டிலிருந்து பீகாருக்கும் ஒடிசாவுக்கும் சைக்கிளிலேயே கிளம்பிய தொழிலாளர்களை நினைத்துப் பார்க்கிறேன். தோளில் கிடந்த துண்டுதான் மாஸ்க், அதுவே தலைப்பாகை, அதுவே துவாலை. அவர்களிடம் போய் 60 சதவீதம் ஆல்கஹால் என்று யார் பேசுவது? வழியில் ஒரு குழாயும் அதன் பக்கத்தில் ஒரு துண்டு சோப்பும் இருந்திருந்தால் போதும்.

குழாய் வராமலும் இல்லை. ஊரடங்கு தளர்ந்தபோது கடைகள், வங்கிகள், கோயில் வாசல்கள் என்று எங்கும் குழாய் வைத்த டிரம், பக்கத்தில் நூலில் கட்டிய சோப்பு, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் இரும்பு ஸ்டாண்ட். தொற்று குறைந்ததும் முதலில் காணாமல் போனது அந்த டிரம். அம்மை, வாந்திபேதி, மெட்ராஸ் ஐ எதுவும் ஊரைவிட்டுப் போகவில்லை. கழுவுகிற இடம் மட்டும் போய்விட்டது. நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்பதை வைத்துத்தான் வழியையே முடிவு செய்கிறார்கள். திறந்திருக்கும் இடம் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை.

டீக்கடைக்காரர்களே, அந்த டிரம் பின்கட்டில்தான் கிடக்கும். எடுத்துக் கழுவி வாசலில் வையுங்கள். வண்டியில் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்ரோல் பங்க்கில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பெட்ரோல் போட்ட கையோடு குழாய் எங்கே என்று கேளுங்கள். பூட்டியிருக்கிறது என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். அதையும் ஒவ்வொரு பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும்.