படம் திரும்பி வரும், ஜாக்கிரதை!

ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்ல "கேயாஸ் முறையில் இமேஜ் என்க்ரிப்ஷன்" எடுத்திருக்கீங்களா? ரிப்போர்ட்ல "பாதுகாப்பானது"னு எழுதும் முன் இதைப் படிச்சிடுங்க.

இந்த புராஜெக்ட்கள்ல அடிக்கடி வருவது அர்னால்டின் பூனை மேப். 1960களில் ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னால்ட் பூனைப் படம் வரைந்து விளக்கியதால் அந்தப் பேர். மேட்ரிக்ஸின் முதல் வரிசை 2, 1. அடுத்தது 1, 1. விளிம்பைத் தாண்டிய பிக்சல் எதிர் விளிம்பு வழியா உள்ளே வரும்.

எங்க ஊர் நைனார்பாளையத்துக் கரும்பு வயல் போட்டோ ஒன்றை 256-க்கு 256 பிக்சலில் ஓட்டிப் பாருங்க. சில தடவையிலேயே வயல் எது, வானம் எதுன்னு தெரியாது. 192-வது தடவை அதே வயல், ஒரு பிக்சல் மாறாம! மூலையில் இருக்கும் (0, 0) பிக்சல் ஒருமுறைகூட நகராது. இதை மட்டும் நம்பினா, திருடனுக்குச் சாவியே வேண்டாம். ஓட்டிக்கிட்டே இருந்தா போதும்.

காரணம், பிக்சல் கட்டம் ஒரு முடிவுள்ள குரூப். மேட்ரிக்ஸ் அதன் ஆட்டோமார்பிசம்: கூட்டல் கெடாம புள்ளிகளை இடம் மாற்றும், திருப்பவும் முடியும். முடிவுள்ள குரூப்ல அது தொடங்கிய நிலைக்கு வந்தே தீரும்.

அதே மேட்ரிக்ஸை தோரஸ்ல, அதாவது உளுந்து வடையின் மேற்பரப்பில், ஓட்டினா கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியும் மூலைமுடுக்கெல்லாம் போய் வரும். எல்லையில்லாத சமதளத்தில்? பெரிய ஐகன் வேல்யூ ஏறத்தாழ 2.618, ஒரே ஒரு கோட்டில் உள்ளவை தவிர எல்லாம் முடிவிலிக்கு ஓடிடும். மேட்ரிக்ஸ் ஒண்ணு, நடத்தை மூணு.

சமதளம் போல, லோக்கலி காம்பேக்ட் ஆனா காம்பேக்ட் இல்லாத குரூப்பை ஒரு ஆட்டோமார்பிசம் முழுசா கலக்குமா? 1956-ல் பால் ஹால்மோஸ் தன் புத்தகத்தில் கேட்டது இது. கனெக்டட் குரூப்களுக்கு "முடியாது" என்று 1966-ல் காஃப்மனும் எம். ராஜகோபாலனும் காட்டினாங்க. பிறகு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.ஜி. டானி போன்றவர்கள் இந்தத் துறையை வளர்த்தாங்க.

என் கருத்து இதுதான்: ஐகன் வேல்யூவை மார்க்குக்காக மட்டும் படிச்சா, "எந்த இடத்தில் ஓட்டுறோம்"ங்கற கேள்வியே வராது. கேயாஸ் இருப்பது தோரஸில். உங்க கோடு ஓடுவது கட்டத்தில். பிக்சலின் மதிப்பையும் மாற்றுங்க, அந்த 192-ஐ ரிப்போர்ட்ல நேர்மையா எழுதுங்க. வைவாவில் யாராவது கேட்கும் முன் நீங்களே சொல்லிடுங்க.