அடைப்புக்குறிக்குள் தமிழ்!

2021ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில், தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் சொமாட்டோ என்னும் உணவு வழங்கும் நிறுவனத்தின் வழியாக உணவு வரவழைத்தார். வந்த பொதியில் ஒரு பண்டம் குறைந்திருந்தது. குறைந்ததற்குரிய பணத்தைத் திருப்பித் தருக என்று அந்நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினார். உணவகத்தாரோடு பேசுதற்கு மொழி தடையாயிருக்கின்றது என்று விடை வந்தது. தமிழ்நாட்டில் கடை விரித்தோர் தமிழறிந்தாரை வேலைக்கு வைக்க வேண்டாவா என்று கேட்டார். இந்தி நம் தேசிய மொழி; எல்லாரும் அதைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் இயல்பே என்று அறிவுரை வந்தது. குறைந்தது ஒரு பண்டம், கேட்டது அதன் விலை, கிடைத்தது மொழிப்பாடம்!

18ஆம் நாள், அவ்வுரையாடலைப் படமாக்கி அவர் கீச்சகத்தில் இட்டார். (கீச்சகம் என்பது துவிட்டருக்குத் தமிழர் இட்ட பெயர், அதன் இன்றைய உரிமையாளர் அதனை எக்சு என்று மாற்றி வைத்திருக்கின்றார்.) விடிவதற்குள் அப்படம் ஊரெங்கும் பரவிற்று. சொமாட்டோவைத் தள்ளுக என்னும் பொருளுடைய குறிச்சொல்லொன்று நாடு முழுதும் முன்வரிசையில் வந்து நின்றது. 19ஆம் நாள் அந்நிறுவனம் தமிழிலேயே மன்னிப்பு மடல் வெளியிட்டது. ‘வணக்கம் தமிழ்நாடு’ என்று தொடங்கிற்று அம்மடல். தமிழில் செயலி உருவாகி வருகின்றது என்றும், கோவையில் தமிழ் உதவி நடுவம் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கின்றோம் என்றும் அதில் கூறியிருந்தனர். அரியானாவிலிருந்து ஆளப்படும் ஒரு வணிக நிறுவனம் ஒரே நாளில் தமிழில் பணிந்து பேசக் கற்றுக்கொண்டது!

இஃது எளிய செய்தியன்று. முன்னாளில் ஒரு நிறுவனத்தின்மீது குறை சொல்ல விரும்பியவன் ஓர் அஞ்சலட்டை வாங்கி எழுதிப் போடுவான். அவ்வட்டை தலைமை அலுவலகத்துக்குப் போகும், ஓர் எழுத்தர் கையில் விழும், கோப்பிலேறும், கோப்பு நிலைப்பேழையிலேறும். எழுதியவனுக்கும் எழுத்தருக்கும் இடையே நடந்ததை மூன்றாமவன் அறியான். நிறுவனங்களின் வலிமையெல்லாம் அந்த மூன்றாமவனின் அறியாமையிலேயே இருந்தது. குறையுற்றோர் ஆயிரவராயினும் ஒவ்வொருவரும் தனியர். தமக்கு மட்டுந்தான் இது நேர்ந்தது என்றெண்ணி அவர் அடங்கிப் போவர். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கேட்டவனுக்கு முப்பது நாளுள் விடையிறுக்க வேண்டுமென்று அரசு அலுவலகங்களைக் கட்டிற்று. தனியார் வணிகத்தின் கதவையோ அச்சட்டம் நேரே தட்டுவதில்லை. சட்டம் தட்டாத கதவைக் கைப்பேசி தட்டிற்று என்க.

இதனை உணராத முதியோர் தமிழியக்கத்துள்ளும் பலர் உளர். முகநூலும் கீச்சகமும் வெட்டிப் பேச்சுக்கும் திரைப்படக் கூத்துக்குமே உரியன என்று அவர் ஒதுங்கியிருக்கின்றனர். வெட்டிப் பேச்சு மிகுதி என்பது மெய்யே. ஆயினும், பல்லாண்டுகளாய்த் தீர்மானம் நிறைவேற்றித் தீர்மானம் நிறைவேற்றிக் களைத்துப்போன மன்றங்களால் ஆகாதவொன்று, பசித்திருந்த ஓர் இளைஞனின் விரல் நுனியால் ஆயிற்று என்பதும் மெய்யே.

ஆனால், இவ்வெளிப்படையை நிறுவனங்கள் தாமே மனமுவந்து அளித்த கொடையாகப் பேசுவோர் இருக்கின்றனரே, அவர் கூற்றுத்தான் நகைப்புக்குரியது. மேலாண்மை கற்பிக்கும் கல்லூரிகளில் இது தனிப் பாடமாகவே நடக்கின்றது. நிறுவனங்கள் திறந்த மனத்தோடு மக்கள் குரலைக் கேட்கக் கற்றுக்கொண்டன என்று எழுதுகின்றனர். கேட்கக் கற்றன அல்ல. கேளாதிருக்க வழியற்றுப் போயின! சுவரிடிந்த வீட்டுக்காரன், என் வீட்டில் எவரும் எப்பொழுதும் எட்டிப் பார்க்கலாம் என்று பெருமை பேசுவதை ஒக்கும் இது. அச்சத்தால் திறந்த கதவுக்கும் அறத்தால் திறந்த கதவுக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு முதன்முதலில் எவர் தலையில் விழுந்தது என்று பார்த்தல் வேண்டும்.

சொமாட்டோ தன் மன்னிப்பு மடலோடு செய்த முதற்செயல், அவ்வுரையாடலில் விடையெழுதிய பணியாளரை வேலையினின்று நீக்கியது. கணினி முன் அமர்ந்து, எங்கிருந்தோ வரும் குறைகளுக்கெல்லாம் விடை தட்டிக்கொண்டிருந்த கடைநிலைப் பணியாளர் அவர். இந்தி தேசிய மொழி என்னும் பொய்யை அவர் தாமாகப் புனையவில்லை. பள்ளியிலும் திரையிலும் மேடையிலும் அவருக்கு அதைப் புகட்டினோர் வேறு. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்றுதான் சொல்கின்றது. தேசிய மொழி என்னும் ஒன்றை அச்சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. இந்தி தேசிய மொழியென அறிவிக்கப்பட்டதற்குச் சான்றில்லை என்று குசராத்து உயர்நெறி மன்றமே 2010இல் கூறிற்று. இத்தனையும் அறியாத ஒருவரைத் தமிழ்நாட்டு மக்களோடு பேசுமாறு இருத்தியது எவர் குற்றம்? பயிற்சி தராத நிறுவனத்தின் குற்றம் அன்றோ? தன் குற்றத்தைப் பணியாளர் தலையிற் கட்டித் தெருவில் விடுவதா வெளிப்படை?

சில மணி நேரத்தில் நிறுவனத் தலைவர் தீபிந்தர் கோயல் அப்பணியாளரை மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். அது நேரிய செயல், அதைப் பழிப்பதற்கில்லை. அதனோடு நின்றிருக்கலாம். உணவு வழங்கும் நிறுவனத்தின் உதவிப் பிரிவிலுள்ள ஒருவர் அறியாமல் செய்த பிழை நாட்டுச் சிக்கலாகிவிட்டது, நாட்டில் பொறுமை இன்னும் மிகுதல் வேண்டும் என்று தமிழர்க்கு ஓர் அறிவுரையையும் சேர்த்துக் கட்டினார். காலையில் மன்னிப்பு, மாலையில் உறுத்துரை! பொறுமை வேண்டுமாம்! 1938இலிருந்து இந்தித் திணிப்பை எதிர்த்து வரும் மக்களுக்குப் பொறுமைப் பாடம் எடுத்தார் உணவுப் பொதி விற்பவர். நிறுவனம் மாறிற்று என்போர் இவ்விரண்டு அறிவிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று. மாறியது மடலின் மொழி. மனத்தின் மொழி மாறவில்லை.

அடுத்து, தயிருக்கு வந்த கேட்டைக் காண்க. 2023 மார்ச்சுத் திங்களில், இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம், தயிர்ப் பொதிகளின்மேல் ‘தகி’ என்னும் இந்திச் சொல்லைப் பொறிக்குமாறு பணித்தது. தமிழ்நாட்டின் ஆவினுக்கும் கருநாடகத்தின் நந்தினிக்கும் இவ்வாணை போயிற்று. அவ்வம்மொழிச் சொல்லை வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாமாம்! இலக்கணம் பயின்ற எவரும் அடைப்புக்குறியின் பொருளறிவர். சொல்ல வந்தது வெளியே நிற்கும். அதை விளக்க வந்தது உள்ளே நிற்கும். ஆயர் குடிப் பெண்டிர் தலையிற் சுமந்து தெருத்தெருவாய் விற்ற தயிர், தன் சொந்த ஊரில், தன் சொந்தப் பானையின்மேல், இன்னொன்றுக்கு விளக்கமாய்ப் போய்ச் சிறைக்குள் நிற்க வேண்டுமாம்.

29ஆம் நாள் முதலமைச்சர் தாலின் கீச்சகத்தில் இதனைக் கண்டித்தெழுதினார். தமிழ்நாடும் கருநாடகமும் கொதித்தெழுந்தன. 30ஆம் நாளே ஆணையம் தன் ஆணையைத் திருத்திக்கொண்டது. வென்றோம், வென்றோம் என்று கைப்பேசிகளெல்லாம் ஆர்த்தன. திருத்திய ஆணையை எத்தனை பேர் படித்தனர்? தயிருக்குரிய ஆங்கிலச் சொல்லை முதலில் பொறித்து, அதனருகே அடைப்புக்குறிக்குள் அவ்வப் பகுதியின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே திருத்தம். ‘தகி’ இறங்கிற்று, ஆங்கிலம் ஏறிற்று, தயிர் இருந்த இடத்திலேயே இருந்தது. அடைப்புக்குறியின் இரண்டு கம்பிகளில் ஒன்றுகூட அசையவில்லை. இதற்கா அத்தனை ஆர்ப்பு?

2024 நவம்பர் 19ஆம் நாள் இன்னொன்று நடந்தது. 1956இல் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இணையத்தள முகப்பு திடுமென இந்தியாய் மாறி நின்றது. மொழியை மாற்றும் பொத்தான்கூட இந்தியில் இருந்தது. இந்தி அறியாதவன் இந்தியைத் தவிர்க்க இந்தி அறிந்திருத்தல் வேண்டும் என்னும் அரிய ஏற்பாடு! ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கண்டித்தெழுத, அன்றே கழகம் விடையளித்தது. தொழில்நுட்பக் கோளாறாம். சரிசெய்தாயிற்றாம். இத்தகைய கோளாறுகள் தவறியும் தமிழின் பக்கம் சாயக் காணோம்! ஒரு நாளேனும் கோளாறால் அம்முகப்பு தமிழாய் மாறி, தில்லியிலுள்ளோர் பொத்தானைத் தேடித் தடுமாறியதாக எவரும் கேட்டதில்லை. சரிசெய்தபின் மீண்டு வந்ததும் ஆங்கில முகப்பே. இதுவும் வெற்றிக் கணக்கில் எழுதப்பட்டது.

மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒன்று விளங்கும். நிறுவனம் கூச்சலை அளக்கின்றது. கூச்சல் அடங்குதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே விட்டுக்கொடுக்கின்றது. அதற்கு மேல் ஒரு விரற்கடையும் நகர்வதில்லை. கூச்சலிடுவோர் கேட்டது யாது? இந்தி வேண்டா என்பது. அதனைக் கொடுத்தது. தமிழ் வேண்டும் என்று அதே உரத்தோடு கேட்டவர் சிலரே. ஆகலின் அது கிடைத்திலது. சொமாட்டோவைத் தள்ளுமாறு முழங்கிய குறிச்சொல்லே ஆங்கிலச் சொல், ஆங்கில எழுத்து! தமிழுக்கான போரின் கொடியில் தமிழெழுத்து ஒன்றுமில்லை.

முழங்கும் மேடையும் தமிழருடையதன்று. 2022 அக்தோபரில் ஈலான் மசுக்கு என்னும் பெருஞ்செல்வர் 4,400 கோடி தாலர் கொடுத்து அம்மேடையை விலைக்கு வாங்கினார். அடுத்த திங்களில் அதன் பணியாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரை வெளியேற்றினார். எவர் எழுத்து எவர் கண்ணிற் பட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறி அவர் கையில் இருக்கின்றது. பிற நிறுவனங்களைத் திறந்து காட்டும் மேடை தன் கதவைத் தான் பூட்டி வைத்திருக்கின்றது. இன்று ஏறிய குறிச்சொல் நாளை ஏறாமற் போனால் எவரிடம் முறையிடுவது?

தமிழமைப்புகளும் இவ்வெயிலுக்குத் தப்பவில்லை, தப்பவும் வேண்டா. நன்கொடைக் கணக்கை அச்சிட்டுக் காட்டாத மன்றங்களும், ஒரே தலைவரை வாணாள் முழுதும் சுமக்கும் கழகங்களும், வினவும் இளைஞனை இரண்டகன் என்று பட்டஞ்சூட்டி வெளியேற்றும் பேரவைகளும் தமிழின் பெயரால் நடக்கத்தான் நடக்கின்றன. சொமாட்டோவிடம் கேட்ட வினாவை இளைஞர் இவற்றிடமும் கேட்பர், முகநூலிலேயே கேட்பர். குடும்பச் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுபோகலாமா என்று சினப்போர், அச்செய்தியைக் கூட்டத்தில் கேட்க இடம் கொடுத்தனரா என்று தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இனி, நெஞ்சைச் சுடும் கணக்கொன்று. 2023 சனவரியில் சொமாட்டோ தன் செயலி தமிழுள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இயங்குவதாக அறிவித்தது. அச்சத்தால் சொன்ன சொல்லாயினும் அதனைச் செய்து காட்டிற்று, அவ்வளவில் பாராட்டுக்குரியதே. அம்மொழிச் செயலிகள் வழியாகத் திங்களொன்றுக்கு 1,50,000க்கு மேற்பட்ட உணவுக் கோரிக்கைகள் வருகின்றன என்றும், அவற்றுள் இந்தியின் பங்கு 54 விழுக்காடு, தமிழின் பங்கு 11 விழுக்காடு என்றும் அதன் அறிவிப்பு கூறிற்று. 1,50,000இல் 11 விழுக்காடு 16,500. நாளொன்றுக்கு 550. 2011 கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. அதனுள் நாளொன்றுக்கு ஐந்நூற்றைம்பது கோரிக்கைதான் தமிழ் வழி! ஏற்பாடு புதியது, அறியாதோர் பலர் என்று சிலர் அமைதி கூறலாம். கூறட்டும். தள்ளுக என்று முழங்குதற்கு எவரும் அவருக்கு அறிவிக்க வேண்டியிருக்கவில்லையே! முழங்கிய அன்றிரவே கற்றுக்கொண்டனரே!

நிறுவனத்தான் வணிகன். பயன்படாத பொத்தானுக்கு அவன் எத்துணை ஆண்டு பணம் செலவிடுவான்? தமிழ்ச் செயலியை எவரும் தொடவில்லை என்று கணக்குக் காட்டி ஒருநாள் அதனை மூடினால், எந்த முகத்தோடு குறிச்சொல் எழுப்புவது? பணப்பொறி முன் நிற்கும் தமிழாசிரியனே ஆங்கிலப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகின்றான், பழக்கமாம்! உதவிக்கு அழைத்தால் தமிழுக்கு எண் இரண்டை அழுத்துக என்று குரல் ஒலிக்கின்றது; முழுதுங் கேட்கப் பொறுமையின்றி ஒன்றை அழுத்துகின்றான்.

கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் மொழி என்றொரு வரி உண்டு. அதைத் தொட்டால் மொழிகள் வரிசையாய் வரும்; தமிழும் அவற்றுள் நிற்கும், அடைப்புக்குறி ஏதுமின்றி, தன் எழுத்திலேயே. 2021 அக்தோபரில் முழங்கிய கைப்பேசிகளுள் எத்தனை இன்றும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன என்பதை அவற்றை வைத்திருப்போர் இன்றிரவே எடுத்துப் பார்க்கலாம்.