'ரத்தத்தில் விஷம்' என்றால் என்ன?

கேள்வி: பட்டாசு ஆலைத் தீயில் காயம்பட்ட என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் தேறி வந்தார். ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். சீட்டில் 'செப்டிசீமியா' என்று எழுதியிருக்கிறது. யாரோ அதற்கு 'ரத்தத்தில் விஷம்' என்று அர்த்தம் சொல்ல, நான் கொண்டுபோன கஞ்சியைச் சொந்தக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் ஐயா?
- ஒரு வாசகி, வெம்பக்கோட்டை வட்டம்

பதில்: அம்மா, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கும் உங்கள் கஞ்சிக்கும் சம்பந்தமே இல்லை.

அது கிரேக்கத்தில் பிறந்த சொல். 'செப்சிஸ்' என்றால் அழுகல். 'புண் செப்டிக் ஆயிருச்சு' என்கிறோமே, வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க் கட்டுகிறோமே, எல்லாம் அதே சொல்தான். 'ஈமியா' என்ற வால் 'ஹைமா'விலிருந்து வந்தது. ஹைமா என்றால் ரத்தம். ரத்தச்சோகையை 'அனீமியா' என்பதிலும் அந்த வால் உண்டு.

கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே, கிரேக்க வைத்தியர்கள் 'அழுகல்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அதற்குக் காரணம் கிருமி என்று தெரிந்தது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. யாரும் வைத்த விஷத்தை அது குறிக்கவில்லை.

நம் மாடுகளுக்கு வரும் தொண்டை அடைப்பானுக்கும் ஆங்கிலப் பெயரில் இதே 'செப்டிசீமியா' உண்டு. அங்கேயும் கிருமி ரத்தத்தில் பெருகித்தான் மாட்டைச் சாய்க்கிறது. அதனால்தான் ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்கிறோம்.

தோல் நம் உடம்புக்கு வேலி. தீ அந்த வேலியை எரித்துவிடுகிறது. மேலே காயம் ஆறுவதுபோல் தெரிந்தாலும், திறந்த இடம் வழியாகக் கிருமி உள்ளே போய் ரத்தத்தில் கலக்கலாம். தீயிலிருந்து தப்பியவர்கள் பலர் நாள் கழித்து இறப்பதற்கு உலகெங்கும் இது முக்கியக் காரணம்.

மற்ற வாசகர்களுக்கு: தீக்காயத்தில் உடனே 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். மஞ்சள், எண்ணெய், சாணம், பற்பசை எதுவும் பூச வேண்டாம். அவை வேலியில்லாத காட்டுக்குள் ஆட்டை ஓட்டிவிடுவதுபோல. காயம்பட்டவருக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், வேகமான மூச்சு, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 108.

அம்மா, இந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களிடம் படித்துக் காட்டுங்கள்.