கற்றல் கோட்பாடுகளும் நாளைய பாடவேளையும்

கல்வியியல் மாணவர்கள் தார்ண்டைக், பியாஜே, வைகாட்ஸ்கி ஆகியோரின் கோட்பாடுகளைப் படிக்கிறார்கள். மனப்பாடம் மட்டுமே கற்றல் ஆகாது என்ற கருத்தையும் மனப்பாடம் செய்துதான் தேர்வில் எழுதுகிறார்கள்! ஆசிரியரான பிறகு, தமக்குப் பள்ளியில் எப்படிக் கற்பிக்கப்பட்டதோ அப்படியே பலரும் கற்பிக்கிறார்கள். குறை கோட்பாட்டில் இல்லை. நாளைய பாடவேளையில் அது எதை மாற்றும் என்று கேட்காததில்தான் இருக்கிறது.

இம்போசிஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லை நூறு முறை எழுத வைப்பதற்கு ஆதாரமாகத் தார்ண்டைக்கின் பயிற்சி விதியைக் காட்டுவார்கள். ஆனால் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரே அந்த விதியைத் திருத்திக்கொண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்தில் கோடு வரைந்தவர்கள், சரியா தவறா என்று யாரும் சொல்லாதவரை, எத்தனை முறை வரைந்தும் முன்னேறவில்லை. ஆகவே நூறு முறை எழுத வைப்பதைவிட, பத்து முறை எழுத வைத்து உடனே திருத்திக் கொடுப்பது மேல்.

இனி பியாஜே. ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை, கண்முன் இருக்கும் பொருள்களைக் கொண்டுதான் குழந்தை தர்க்கமாகச் சிந்திக்கிறது என்றார் அவர். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டுள்ளன. "இது சமணர் மலை, எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாறாக, "இவர் தலைக்கு மேல் ஏன் பாம்பு இருக்கிறது? அந்த அம்மன் பக்கத்தில் சிங்கம் ஏன்?" என்று கேட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், தங்களுக்குள் வாதாடுவார்கள். திணறும் இடத்தில் மட்டும் ஆசிரியர் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். வைகாட்ஸ்கி சொன்னதும் அதுவே: தனியாக முடியாததைக் குழந்தை துணையுடன் செய்யும், பிறகு தனியாகவும் செய்யும்.

"போர்ஷன் முடிக்க வேண்டாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எல்லாப் பாடத்துக்கும் மலையேற வேண்டியதில்லை. விடையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் தமிழகம் முழுவதும் சென்றது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. திட்டங்களும் அட்டைகளும் அரசாணையால் வரும். அந்த இரண்டு நிமிடப் பொறுமை ஆசிரியரிடமிருந்துதான் வர வேண்டும்.

சிதறாலின் 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குப் பொன் அளித்த ஒரு குரத்தியைக் குறிப்பிடுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. இதையும் சொல்லிவிடாமல், மாணவர்களிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்: "குருவுக்குப் பெண்பால் என்ன?"