இருமுறை மறுக்கப்பட்ட விருது

சென்ற வாரம் தேநீர்க்கடை ஒன்றில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. எதிரே இருந்தவர் எமது தொழிலைச் சேர்ந்தவர், என்னிலும் இருபது வயது இளையவர், கூடைப்பந்தாட்டப் பித்தர். பழைய அமெரிக்கக் கதையொன்றை நான் எடுத்ததும் குறுக்கிட்டார்: "அண்ணை, ஒரு மச்சும் தோற்காமல் லீக்கை முடிச்ச ரீமின்ரை முதல் பிளேயருக்கு விருது குடுத்ததிலை என்ன பிழை?" கேட்பதற்கு மிக நியாயமான கேள்வி. அந்த நியாயத் தோற்றமே இதனை எழுதத் தூண்டியது.

விடயம் 1969, 1970 ஆம் ஆண்டுகளுக்கு உரியது. அமெரிக்காவின் தென்கிழக்கே உள்ள பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பாக அன்று இருந்தது ஏ.சி.சி. (அவர்கள் இதனை 'மாநாடு' என்கிறார்கள். நாம் அப்படி மொழிபெயர்த்தால் கட்சிக் கூட்டம் என்று வாசகர் எண்ணிவிடுவர்.) ஆண்டின் சிறந்த கூடைப்பந்தாட்ட வீரரை அக்காலத்தில் அங்கே பயிற்றுநர்களோ ஆட்டக்காரர்களோ தெரிவு செய்யவில்லை. வாக்களித்தவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள். அதாவது, எமது ஆட்கள்.

அவ்விரு ஆண்டுகளிலும் விருதைப் பெற்றவர் தென் கரோலினாவின் ஜோன் ரோச். இருமுறையும் அது மறுக்கப்பட்டவர் வட கரோலினாவின் சார்லி ஸ்கொட். இருவருமே நியூயோர்க் நகரத்துப் பிள்ளைகள். ரோச் வெள்ளையர். ஹார்லெமில் வளர்ந்த ஸ்கொட் கறுப்பினத்தவர். வட கரோலினாப் பல்கலைக்கழகம் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்கிச் சேர்த்துக்கொண்ட முதலாவது கறுப்பின வீரர் அவரே. சேர்ந்த ஆண்டு 1966. பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அப்போது இரண்டே வயது. சட்டம் வந்துவிட்டது, மனங்கள் வந்து சேரவில்லை. ஸ்கொட்டைத் தம் அணிக்கு அழைக்க முயன்ற டேவிட்சன் கல்லூரியின் ஊரிலேயே, அவருக்கும் உடன் சென்ற அவரது பாடசாலைப் பயிற்றுநருக்கும் உணவகம் ஒன்று உணவு பரிமாற மறுத்தது. அவர் டேவிட்சனைக் கைவிட்டு டீன் ஸ்மித்தின் வட கரோலினா அணிக்குச் சென்றார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். 1970 இல் தென் கரோலினா ஏ.சி.சி. ஆட்டங்கள் 14 இலும் வென்றது. வட கரோலினாவோ 9 வெற்றி, 5 தோல்வி. ஆனால் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 27.1 புள்ளிகள் பெற்று, கூட்டமைப்பிலேயே முதலிடத்தில் நின்றவர் ஸ்கொட். ரோச்சின் சராசரி 22.3. மூன்று புள்ளி எறிகை என்ற ஒன்றே அங்கு இல்லாத காலத்தில் பெற்ற 27 அது. வாக்காளர்கள் ரோச்சைத் தெரிந்தார்கள். அதற்குச் சொல்லக்கூடிய காரணம்: தனிமனிதனின் புள்ளிகளிலும் அணியின் வெற்றியே பெரிது. நல்லது, ஏற்றுக்கொள்வோம்.

இந்த அளவுகோலை ஓராண்டு பின்னே எடுத்துச் செல்லுங்கள். 1969 இல் கூட்டமைப்பில் முதலிடம் பெற்ற அணி எது? 12 வெற்றி, 2 தோல்வியுடன் வட கரோலினா. ரோச்சின் தென் கரோலினா அதற்குக் கீழே. புள்ளிச் சராசரியில் மட்டும் ரோச் சற்றே மேலே நின்றார்: 23.6 க்கு 22.3. ஏறத்தாழ ஒரு புள்ளி. அவ்வாண்டும் விருது ரோச்சுக்கே. அப்போது சொல்லக்கூடிய காரணம்: அணியின் நிலை அல்ல, தனிமனிதனின் திறமையே பெரிது!

ஒரே வாக்காளர் கூட்டம், ஒரே இரு போட்டியாளர்கள். முதலாண்டில் ஓர் அளவுகோல், மறு ஆண்டில் அதற்கு நேர் எதிரான அளவுகோல். இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே மனிதரிடம். 1970 ஐ மட்டும் தனியே பார்த்தால், ரோச்சுக்கு வாக்களித்த நேர்மையாளர் ஒருவரை என்னால் கற்பனை செய்ய இயலும். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்தால் அந்த நேர்மையாளர் மறைந்துவிடுகிறார்.

இதிலும் ஐயம் உள்ளவர்களுக்கு 1969 இன் இன்னொரு வாக்கெடுப்பு இருக்கிறது. கூட்டமைப்பின் தலைசிறந்த ஐவரைக் கொண்ட முதல் அணித் தெரிவில், வாக்காளர் ஐந்து பேர் ஸ்கொட்டின் பெயரை எழுதவே இல்லை. முதல்வராக அன்று, ஐவருள் ஒருவராகவும் அவர் அவர்களது கண்ணுக்குப் படவில்லை! மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் சில மாதங்களுக்கு முன்னரே தங்கப் பதக்கம் வென்று வந்தவர் அவர். அந்த ஐவருக்காக நிறம் தவிர்ந்த காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

செய்தி அறிந்த ஸ்கொட், டேவிட்சனுக்கு எதிரான கிழக்குப் பிராந்திய இறுதியாட்டத்தில் ஆடாமலே விட்டுவிட எண்ணினார். அந்த அளவுக்குப் புண்பட்டிருந்தார். பின்னர் மனம் மாறி ஆடினார். 32 புள்ளிகள் பெற்றார். கடைசிக் கணத்தில் அவர் எறிந்த பந்து கூடைக்குள் விழ, 87–85 என வட கரோலினா வென்றது. அதற்குச் சற்று முன்னர்தான் ஏ.சி.சி. இறுதியாட்டத்தில் டியூக் அணிக்கு எதிராக 40 புள்ளிகள் பெற்றிருந்தார், அவற்றுள் 28 பிற்பாதியில் மட்டும். இவ்வளவும் கூடைப்பந்தாட்டம் தெரிந்த யாவர் கண்முன்னும் நடந்தவை.

நண்பர் இறுதியில் ஒரு துருப்புச்சீட்டை இறக்கினார். 1971 இல் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தின் சார்லி டேவிஸ் என்ற கறுப்பின வீரருக்கே இவ்விருது கிடைத்தது. அப்படியிருக்க இனவெறி எங்கே என்றார். அடுத்த ஆண்டு ஒருவருக்குக் கொடுத்த சோறு, முந்திய ஆண்டு பட்டினி கிடந்தவனின் வயிற்றை நிரப்புமா? வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: 1970 இல் எழுந்த முணுமுணுப்பு 1971 இன் வாக்காளர் காதுகளுக்கு எட்டியிருக்கக்கூடும். அது டேவிஸின் பெருமையைக் குறைக்காது, முந்திய தெரிவுக்கும் நற்சான்றிதழ் ஆகாது. இதனிலும் விசித்திரம், அதே 1970 இல் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஏ.சி.சி.யின் சிறந்த வீரர் விருது ஸ்கொட்டுக்கே வழங்கப்பட்டது. எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துப் பார்த்தால் முதல்வர், தாம் ஆடிய ஒரே விளையாட்டில் மட்டும் இரண்டாமவர். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ தெரியவில்லை.

ரோச் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 1970 சுற்றுப்போட்டியில் கணுக்கால் காயத்துடன் இறுதியாட்டம் ஆடி, இருமுறை நீடிக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் அவரது அணி 42–39 எனத் தோற்றபோது அவருக்காகவும் இரங்கத்தான் வேண்டும். விருதைத் தேடி அவர் போகவில்லை. என் சினமெல்லாம் பேனா பிடித்தவர்கள் மீதே.

ஏனெனில் இப்படிப்பட்ட வாக்குச்சீட்டுகளை நானும் நிரப்பியிருக்கிறேன். பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், அருகிலிருந்த நண்பர் சொன்ன பெயரை எழுதியதுண்டு. எமது ஊர்ப் பையன் என்பதற்காக ஒருவரை ஓரிடம் மேலே ஏற்றியதுண்டு. கேட்க ஆளில்லை, சீட்டில் என் பெயர் வெளிவரப் போவதுமில்லை. பாரபட்சம் என்பது சீறிக்கொண்டு வரும் என்று எண்ணுவது தவறு. எமது தொழிலில் அது பெரும்பாலும் சோம்பலின் உடையில்தான் வருகிறது. பழக்கமான முகத்துக்குக் கை தானாகச் சென்று கோடிடுகிறது. எழுதுகிற செய்தியின் கீழ் பெயர் போட ஆசைப்படும் நாம், அளிக்கும் வாக்கின் கீழ் மட்டும் ஏன் பெயர் போட அஞ்சுகிறோம்? செய்தியாளர் வாக்களிக்கும் எந்த விருதாயினும் ஒவ்வொரு சீட்டும் பெயருடன் அச்சாக வேண்டும் என்பதே என் கட்சி. அப்படி ஒரு விதி 1969 இல் இருந்திருந்தால் அந்த ஐந்து பேரும் மறுநாள் காலை தத்தம் வாசகருக்கு விளக்கம் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்கொட் பின்னர் 1976 இல் பொஸ்டன் செல்ரிக்ஸ் அணியுடன் என்.பி.ஏ. வாகை சூடினார். 2018 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஏ.சி.சி. பட்டியலில் 1969 க்கு நேரேயும் 1970 க்கு நேரேயும் ரோச் என்றே இருக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னபோது, தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. அடுத்த கிழமை தொடரலாம் என்றிருக்கிறார்.