கொட்டியது டீ, பிடிப்பது சம்பளமா?

மும்பையில் குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கட்டிங் டீ இல்லாமல் பொழுது நகராது. மேஜையோ ஒரு முழம். என்றைக்காவது ஒருநாள் டீ கீபோர்டில் கொட்டத்தான் செய்யும். உடனே மேலாளர், "கீபோர்டு போச்சு" என்று புதிதாக ஒன்றை வாங்குகிறார். முழு விலையையும் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார். இது என்ன நியாயம்?

கீபோர்டு அப்படிப் போய்விடுவதில்லை. பில் போடும் இடங்களில் "டக், டக்" என்று சத்தமிடும் கனத்த கீபோர்டைப் பார்த்திருப்பீர்கள். நம் சென்னைக் கம்பெனியான டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்சின் 'கோல்டு' அந்த வகைதான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. நாலு கெட்டால் நாலை மாற்றினால் போதும்.

தண்ணீரைவிடப் பாலும் சர்க்கரையும்தான் பொல்லாதவை. காய்ந்தால் பசையாகிவிடும். அமுக்கிய பொத்தான் எழாது. ஆகவே கொட்டியதும் வயரைப் பிடுங்குங்கள். கீபோர்டைக் கவிழ்த்துப் போடுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு (இல்லாவிட்டால் எந்த எழுத்து எங்கே என்று திண்டாட வேண்டும்) பொத்தான்களை மெல்ல நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நனைந்த சுவிட்சுகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, பலமுறை அமுக்குங்கள். இரண்டு நாள் உலரட்டும். அதற்குள் "வேலை செய்கிறதா, பார்ப்போம்" என்று வயரைச் செருகக் கூடாது. அரிசியில் புதைப்பது வீண் வேலை. சர்க்கரையை அரிசி உறிஞ்சாது.

அப்படியும் உயிர் வராத சுவிட்சுக்கு இரண்டே இடத்தில்தான் பற்றவைப்பு. அதை உருக்கி எடுத்துவிட்டு வேறு சுவிட்சைப் பொருத்தலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. ஒப்படைத்த பொருள் நம் கவனக்குறைவால் கெட்டால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் நட்டத்துக்கு மேல் ஒரு காசுகூடப் பிடிக்கக் கூடாது. முதலில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அது போகட்டும், ஒரு மேஜையில் மூன்று பேரை உட்கார வைத்தவர் யார்? அதையும் விளக்கத்தில் எழுதலாம்.

எனவே, பிடித்தம் என்று பேச்செடுத்தால் பேசாமல் தலையாட்டாதீர்கள். லாமிங்டன் ரோட்டுக்குப் போய், பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு கடையில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை மேலாளர் மேஜையில் வையுங்கள். டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு!